பெரிம்மா சாட்சி சொன்ன படம்

எங்கள் பெரிம்மா வேதசிரோமணிக்குப் பிடிக்காத படங்களை வரிசையில் நிறுத்தினால் தாம்பரம் ஸ்டேஷனில் தொடங்கி பெருங்களத்தூர் தாண்டியும் நிற்கும். பிடித்த படங்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கும். அதிலும் டிரைவர் பக்கத்து சீட் காலி.

படத்தின் பேர் எதுவும் அவளுக்கு நினைவில் நிற்காது. "அந்த போலீஸ் படம்", "அந்தக் கிணத்துப் படம்" என்பாள். ஆனால் குற்றம் மட்டும் அப்படியே நிற்கும்.

"அந்த போலீஸ்காரனுக்கு தங்கச்சி செத்தாதான் கோவம் வருது. அது வரைக்கும் மாமூல் வாங்கிக்கினுதானே இருந்தான்? இவன் நல்லவனாவறதுக்கு ஒரு பொண்ணு சாவணுமா?"

பேய்ப் படம் ஒன்றுக்கு நான் பயந்து சீட்டுக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். "வர்றதுக்கு முன்னாடியே மியூசிக் போட்டுச் சொல்லிட்டு வருது. இதுக்கு எங்க கேண்டீன் மேனேஜர் மேல். சொல்லாம வந்து நிப்பான்."

காதல் படம் என்றால் இன்னும் மோசம். "அவளுக்காகக் கைய அறுத்துக்கினானே, அவ காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு டம்ளர் கஞ்சி வெச்சுக் குடுத்தானா?"

கிராமத்துப் படம் ஒன்று வந்தது. ஊரில் எல்லாரும் தங்கம், மெட்ராஸில் எல்லாரும் திருடன். தியேட்டரே கைதட்டியது. வெளியே வந்ததும் பெரிம்மா சொன்னது இவ்வளவுதான்: "அந்த ஊர்ல எங்கப்பாவ எந்தத் தெருவுல நடக்க வுட்டானுங்க? அதக் காட்டலயே."

இப்படிப்பட்டவள் சினிமாவே பார்க்கக்கூடாது என்கிற சபையில் இருந்தாள். அதுதான் வேடிக்கை. எங்கள் சபையில் பூ பாவம், கம்மல் பாவம், சினிமா பெரும்பாவம். வீட்டு டிவியில் பார்ப்பது எதில் சேரும் என்று பாஸ்டர் இதுவரை சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்கிற பயம்தான்.

பெரிம்மாவுக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனி கேண்டீனில் பில் போடுகிற வேலை. வார லீவு வெள்ளிக்கிழமை. சபையில் உபவாச ஜெபமும் வெள்ளிக்கிழமைதான். புதுப்படம் வருவதும் வெள்ளிக்கிழமைதான். சபையில் கேட்டவர்களிடம் "வெள்ளிக்கிழமை டூட்டி" என்று சொல்லியிருந்தாள். காலையில் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு, சிறுசேரி பஸ் நிற்கிற பக்கம் நடப்பாள். தெருமுனை தாண்டியதும் எதிர்ப்பக்கம் போய் குரோம்பேட்டைக்கு ஏறிவிடுவாள். தியேட்டர் இருட்டில் அந்த டப்பாவைத் திறந்து எனக்கும் தயிர்சாதம் தருவாள்.

டிக்கெட் புக் பண்ணுவது நான். பிளஸ் ஒன்னோடு படிப்புக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் மைதீன் பிச்சை பாயின் செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறேன். பாயின் போனில் ரிங்டோனை எருமைக் குரலாக மாற்றிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் கடை திறப்பார். ஆகவே காலைக் காட்சிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஃப்ரீ. பெரிம்மாவின் மகள் ஜென்சிக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். பெரியப்பா போன பிறகு அம்மாவுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் என்று விட்டிருந்தாள்.

தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கோடு நிற்பார்கள். படம் விட்டதும் "எப்டி ப்ரோ இருக்கு?" என்று வாயில் திணிப்பார்கள். எல்லாரும் கத்துவார்கள்: வேற லெவல், மொக்க, மரண மாஸ். பெரிம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரமாகக் கழன்றுவிடுவாள். ஆயிரம் குற்றம் வாயில் இருக்கும். பஸ்ஸில் ஏறிய பிறகு எனக்கு மட்டும் சொல்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. லாரி டிரைவர் ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். பெண்டாட்டி ஹைவே ஓரமாகச் சாப்பாட்டுக் கடை போடுகிறாள். போகிற லாரியையெல்லாம் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. பின்வரிசையில் ஊளை விட்டார்கள். ஒருத்தன் "லாரி வந்தா எழுப்புடா" என்றான். நான் சிரித்தேன். பிறகு தூங்கியும் போனேன்.

லைட் போட்டபோது பெரிம்மா எழுந்திருக்கவில்லை. மூக்கு சிவந்திருந்தது. பெரியப்பா சாவுக்குக்கூட அவள் மூக்கு அப்படிச் சிவந்து நான் பார்க்கவில்லை.

வாசலில் மைக்குக்கு முன்னால் பையன்கள் வரிசையாகப் படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். "காசு வேஸ்ட்டு ப்ரோ." "தலகாணி குடுத்திருக்கலாம் ப்ரோ." பெரிம்மா வழக்கம்போலச் சுவரோரம் போனாள். நின்றாள். திரும்பினாள்.

"பெரிம்மா, இன்னா பண்ற? வா."

"இருடா. வாய்க்கு வந்தத பேசறானுங்க."

நேராகப் போய் மைக்குக்காரனின் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்தாள். கழுத்தில் ஐடி கார்டு ஆடியது. கண்ணை மூடினாள். எங்கள் சபைக்காரர்களுக்கு மைக் கையில் வந்தால் வாய் தானாக ஒரே வழியில்தான் போகும். சின்ன வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லிப் பழகிய வாய்.

"கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம். இந்தப் படத்தப் பாக்க எனக்குக் கிருபை செஞ்ச தேவனுக்கு நன்றி."

கூட்டம் விசிலடித்தது. பெரிம்மாவுக்கு அது காதில் விழவே இல்லை.

"அந்தப் பொண்ணு எல்லாருக்கும் சாப்பாடு போட்டுட்டு, அடுப்புகிட்ட நின்னுக்கினே சாப்பிடுது. சாப்பிடும்போதும் ரோட்டத்தான் பாக்குது. அத்த யாரு இதுவரைக்கும் சினிமால காட்டினாங்க? புருசன் திரும்பி வரும்போது கதவச் சாத்துது பாருங்க. அழுவல, திட்டல. சாத்துது. என் வாழ்க்கையில நான் பாத்த நல்ல படம் இதுதான்."

"எத்தினி ஸ்டார் சிஸ்டர் குடுப்பீங்க?" என்றான் மைக்குக்காரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆமென்," என்று முடித்தாள் பெரிம்மா.

மறுநாள் அவள் எல்லார் போனிலும் இருந்தாள். ஸ்தோத்திரத்துக்கு அடியில் குத்துப்பாட்டு போட்டிருந்தார்கள். கடைக்கு வந்த ஒருத்தன் அதை எனக்கே காட்டிச் சிரித்தான். அவன் ஸ்கிரீன் கார்டை உள்ளே ஒரு தலைமுடி வைத்து ஒட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

இதில் பெரிம்மாவுக்கு உண்மையான கஷ்டம் இந்தச் சிரிப்பு இல்லை. ஜென்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. பையன் ஜோஷ்வா எங்கள் சபைதான். அவன் அப்பா யேசுதாசன் சபையில் மூப்பர். பாஸ்டருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. மண்டபம் சொல்லி, பத்திரிகை அடித்து, சபையில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை வாசிப்பு ஆரம்பிக்க இருந்த நேரம். யேசுதாசன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"டூட்டின்னு சொல்லிட்டு தியேட்டருக்குப் போனீங்க. சரி, மனுச பலவீனம். கர்த்தர் நாமத்த இழுத்து சினிமாவுக்கு சாட்சி சொன்னீங்களே சிஸ்டர், அதத்தான் தாங்க முடியல."

"வாய் தவறிப் போச்சு பிரதர்."

"ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி எழுந்து பாவ அறிக்கை பண்ணுங்க. இல்லன்னா இந்தக் கல்யாணம் நம்ம சபையில நடக்காது. சபையில நடக்காத கல்யாணத்துக்கு எங்க வூட்ல ஆளு வர மாட்டாங்க."

அவர் செருப்புச் சத்தம் தெருவில் மறைந்ததும் ஜென்சி வெடித்தாள். "எத்தினி வெள்ளிக்கிழம நான் கண்டுக்காம இருந்தேன்? பாத்தியா, கம்முனு வந்தியான்னு இல்லாம... உனக்கு அந்தப் படம் முக்கியமா, நான் முக்கியமா?"

"நீதான்," என்றாள் பெரிம்மா உடனே. அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையில் பெரிம்மா எழுந்தாள். நான் ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் இருந்தேன். "தியேட்டருக்குப் போனது தப்பு. டூட்டின்னு பொய் சொன்னது தப்பு. கர்த்தரும் சபையும் மன்னிக்கணும்," என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். பாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார், ஜெபிக்கக் கையைத் தூக்கிவிட்டார்.

யேசுதாசன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு நிமிசம் பாஸ்டர். நல்ல படம்னு ஊருக்கெல்லாம் சொன்னாங்க. அத்தயும் திருத்திச் சொல்லட்டும். இல்லன்னா அந்த சாட்சி அப்படியே நிக்கும்."

பெரிம்மா தரையைப் பார்த்தாள். பெண்கள் பக்கத்தில் ஜென்சி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல," என்றாள் பெரிம்மா.

"சத்தமா சொல்லுங்க சிஸ்டர்."

"அது நல்ல படம் இல்ல."

யேசுதாசன் விடவில்லை. "ஏன் இல்ல? நல்லதுன்னு சொல்ல அன்னிக்கி அத்தினி காரணம் சொன்னீங்களே."

அவர் அதைக் கேட்டிருக்கக்கூடாது. காரணம் இல்லாமல் ஒரு படத்தைத் திட்ட பெரிம்மாவுக்குத் தெரியாது. நிமிர்ந்தாள். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அந்தப் பொண்ணு நாள் பூரா பாத்திரம் தேய்க்குது. நகம் பூ மாதிரி கீது. ஒரு துளி கரி இல்ல. நின்னுக்கினு சாப்பிடற எடத்துல நமக்கு அழுவ வரணும்னே கேமரா கிட்ட கிட்ட போவுது. கஷ்டப்படறவள அப்படி உத்து உத்து யாரும் பாக்க மாட்டாங்க. அவளப் பாவமாக் காட்டி நம்மகிட்ட கண்ணீர் வாங்கறாங்க. கடைசியில கதவச் சாத்தும்போது கரெக்டா மழ வருது. நம்ம வூட்ல அழுவும்போது என்னிக்காவது மழ வந்திருக்கா? அழுவும்போது வர்றது குழாத் தண்ணிதான்."

பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள். "ஆமென்" என்றது ஒரு குரல். "அல்லேலூயா" என்றது இன்னொன்று. இத்தனை வருஷத்தில் பெரிம்மாவின் விமர்சனத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். அவள் நிறுத்தவில்லை. புருஷனாக நடித்தவனின் தாடி, கடையில் எரிகிற அடுப்புக்குப் புகையே வராதது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். படம் எலும்பும் தோலுமாக ஆகும் வரை விடவில்லை. யேசுதாசன் முகம் மலர்ந்து போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அது சபை குரூப்பில் வந்தது. "மெய்யான மனந்திரும்புதல்" என்று மேலே எழுதியிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜென்சி முன்னால் போய்விட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பெரிம்மாவைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன்.

"சூப்பரா புளுகின பெரிம்மா. நானே நம்பிட்டேன்."

"புளுகா?" நின்றாள். "எத்தச் சொல்ற?"

"நகம், மழ, எல்லாம்தான்."

"நகம் நெஜமாவே சுத்தமாத்தான்டா இருந்துச்சு. மழையும் சினிமாப் பொய்தான். அன்னிக்கி ஒண்ணும் என் கண்ணுல படல. சபையில கேட்டா திட்டித்தான் ஆவணும்னு ரெண்டு நாளா உக்காந்து தேடினேன். ஒவ்வொண்ணா வந்து நின்னுடுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான். "தேடாம இருந்திருக்கலாம். வெறுமன 'நல்லா இல்ல'ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்."

"அந்த ஆளு விடலயே."

"எனக்குத்தான் பேச ஆரம்பிச்சா நிறுத்த வராதே."

கல்யாணம் நன்றாக நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. யேசுதாசனின் போனுக்கு நான் எருமைக் குரல் வைத்தேன், கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது சரியாகக் கத்தியது. பாஸ்டரே சிரித்துவிட்டார். பெரிம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது உபவாச ஜெபத்துக்குப் போகிறாள். தியேட்டருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். "வேணாம்டா, ஜென்சி அங்க வாழணும்" என்றாள். நியாயம்தான்.

லாரிப் படம் தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பிறகு ஆன்லைனில் வந்தது. வந்ததும் காற்று மாறியது. தியேட்டரில் தலையணை கேட்டவர்களெல்லாம் இப்போது காவியம் என்று எழுதினார்கள். நான் அதை டவுன்லோடு பண்ணி எடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் அவள் டூட்டி முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்காரவைத்து போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். தியேட்டரில் நான் தூங்கிவிட்டேன் அல்லவா? இப்போது முழுக்கப் பார்த்தேன். அந்தப் பெண் அடுப்பருகே நின்று சாப்பிட்ட இடத்தில் நானும் மூக்கை உறிஞ்சினேன். அவள் நகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கண்ணை இழுத்துப் பிடித்திருந்தேன்.

பெரிம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தை.

படம் முடிந்தது. மழை பெய்தது, கதவு மூடியது. பெரிம்மா கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள்.

"எப்டி பெரிம்மா?"

"ஜனங்க இன்னா சொல்றாங்க?"

"ஜனங்கள வுடு. நீ சொல்லு."

"கீழ எழுதியிருப்பாங்களேடா. படி."

படித்தேன். இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று ஒருத்தன். அம்மாவை நினைத்தேன் என்று ஒருத்தி. கதவைச் சாத்துகிற இடத்தில் நெஞ்சே நின்றுவிட்டது என்று இன்னொருத்தன். பெரிம்மா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள், கணக்கு வராத பிள்ளை விடையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"அப்ப நல்ல படமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய் லைட்டைப் போட்டாள்.