‘காரணம் இன்றிக் கத்தினார்’

கடைசியாக நீங்கள் எப்போது மலம் கழித்தீர்கள்?

முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்களுக்குப் பதில் தெரியும். இன்று காலை, நேற்று மாலை, ஏதோ ஒன்று. தெரிந்திருப்பதால்தான் அதைப் பற்றி நினைக்காமல் உங்கள் நாளை ஓட்டுகிறீர்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் சார்பில் அந்தப் பதிலை யார் வைத்திருக்க வேண்டும்? ஒருவரிடமும் அது இல்லாமல் போனதால், ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒருவரைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் அனுப்பப் பார்த்தார்கள். குறுக்கே நின்ற பெண்ணைப் பற்றியது இது.

எல்லோருக்கும் அவர் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் துணியை உள்பக்கம் திருப்பி, பிரிந்த தையலை விரலாலேயே கண்டுபிடிக்கும் வேலை. ஆலையை மூடியதும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் சேர்ந்தார். மாடி வீடு, ஒன்பது பேர். மூன்று மாதம் பார்ப்போம் என்று வந்தவருக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது.

“அங்கே என்ன, குழந்தைங்களைப் பாத்துக்கறியா?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

“குழந்தையா? நான் ஷேவ் பண்ணி விட்டா ப்ளேடு மழுங்கிப் போகுது. வந்து ஒரு நாள் பண்ணிப் பாருங்க” என்பார்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர். வயது நாற்பத்தைந்து. பேச்சு கிடையாது. தினமும் காலையில் ஒரு பச்சைத் துண்டோடு வாசல் கேட்டில் போய் நிற்பார். பேருந்து வந்தால் துண்டை ஆட்டுவார், அது போகும். தான் அனுமதி கொடுக்காமல் எந்த வண்டியும் நகராது என்பது அவர் எண்ணம். ஓட்டுநர்களும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் குழாய் பதிக்க அந்தச் சாலையைத் தோண்டினார்கள். பேருந்துகளை வேறு தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். மாஸ்டர் மூன்று நாள் துண்டோடு காத்திருந்தார். நான்காம் நாள் கத்தத் தொடங்கினார்.

இல்லத்தில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மூன்று கட்டம்: எத்தனை மணிக்கு, என்ன செய்தார், நாம் என்ன செய்தோம். அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதக் கட்டம் இல்லை. மதிய ஷிப்டில் இருந்தவர் ‘காரணம் இன்றிக் கத்தினார்’ என்று நிரப்பினார்.

காரணம் இன்றி! சுவரில் விரிசல் விட்டால் ஏன் என்று பார்க்க ஆள் அனுப்புகிறோம். மோட்டார் நின்றால் பிரித்துப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் காரணம் கிடையாதாம். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஐந்து நிமிடம் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு, அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்று எழுதினார். மாஸ்டர் அடங்கிப்போனார்.

தோண்டிய பள்ளத்தை மூடினார்கள். பேருந்துகள் திரும்பி வந்தன. மாஸ்டர் கேட்டுக்குப் போனார். ஆனால் துண்டை ஆட்டவில்லை. கேட் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டார். மாத்திரை இரண்டானது. தட்டைத் தள்ளினார். புதன்கிழமை சாப்பாட்டு அறைக் கண்ணாடியை முழங்கையால் உடைத்தார். படிவத்தில் இந்த முறை ‘வன்முறை’ என்ற சொல் ஏறியது. ஊருக்கு வெளியே இருநூறு பேரை அடைத்து வைத்திருக்கும் விடுதியில் அவருக்கு ஒரு கட்டில் ஏற்பாடாயிற்று. அங்கே தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம்தான். நிற்க ஒரு கேட் கிடையாது. அங்கே போனவர் யாரும் திரும்பியதாக அக்காவுக்குத் தெரியாது.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு, மாஸ்டரின் பெட்டியை அடுக்கும் வேலை அக்காவுக்கு வந்தது. பயணத்துக்கு நல்ல பேன்ட்டை எடுத்து மாட்டிவிட்டார். பொத்தான் எட்டவில்லை. மூன்று விரல் இடைவெளி.

அக்காவின் கை அப்படியே நின்றது. மாஸ்டரின் இடுப்பளவு முப்பத்தாறு. போன மாதம் இதே பேன்ட் தொளதொளவென்று இருந்தது. சாப்பாட்டைத் தள்ளுகிறவருக்கு இடுப்பு எப்படிப் பெருக்கும்? சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது. மாஸ்டர் அவர் கையைத் தட்டிவிட்டு, பின்னந்தலையைச் சுவரில் இடித்துக்கொண்டார்.

“அவருக்கு வயிறு வலிக்குது. இது தெரியாதா?” என்று வாசலில் ஒரு குரல்.

வக்கீலம்மா. முப்பத்தெட்டு வயது, அந்த ஒன்பது பேரில் இன்னொருவர். இட்ட பெயர் வேறு. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் வந்த பட்டம் இது. இன்று மழை வரும் என்றால் சாட்சி கேட்பார். அவர் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உள்ள போய் சும்மா உக்காந்துட்டு வர்றாரு. முனகுறாரு. தண்ணி ஊத்துற சத்தமே வர்றதில்லை.”

“எத்தனை நாளா?”

“என் நீல டிரஸ் துவைச்சு வந்த அன்னைக்கு ஊத்தினாரு. அப்புறம் இல்லை.”

வக்கீலம்மாவின் துணிகளுக்கு முறை திங்கட்கிழமை. “இந்தத் திங்களா?”

“இந்தத் திங்க மஞ்சள் டிரஸ். நீலம் அதுக்கு முந்தின திங்க.”

பத்து நாள். “ஏன்டி கண்ணு, இத்தனை நாளா என்கிட்ட சொல்லலை?”

“யாரு கேட்டீங்க?”

அக்கா ஓடிப்போய் அன்றாடக் குறிப்பேட்டைப் புரட்டினார். ‘கழிவறை: தானே போனார்.’ பத்து நாளுக்கும் டிக். அதில் ஆறு டிக் அவர் கையால் போட்டவை. மாஸ்டருக்குத் தனியாகப் போகவும் கதவைச் சாத்திக்கொள்ளவும் இரண்டு வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தவரே அக்காதான். அந்த டிக்கில் அவருக்கு அத்தனை பெருமை. கதவு சாத்தியதும் அது அவருடைய மரியாதை என்று எல்லோரும் விலகி நின்றார்கள். உள்ளே என்ன நடந்தது, நடக்கவில்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை. அக்கறை இல்லாத இடத்தில் இந்தத் தவறு நடக்காது. அங்கே கதவே இருக்காது.

மேனேஜர் அறையில் மணி ஒன்றே முக்கால்.

“சார், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வயிறு கல்லாட்டம் இருக்கு.”

“அங்கே போனதும் பாத்துக்குவாங்க. இந்தக் கட்டிலுக்கு நேத்துலருந்து எத்தனை பேரைக் கெஞ்சியிருக்கேன். நாலு மணிக்கு வர்ற வண்டி வெறுமனே திரும்பினா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“அங்கே யார் பாப்பாங்க? நாமளே பாக்கலையே!”

“நீங்க துணிக் கம்பெனியில இருந்தவங்க. டாக்டர் இல்லை.”

“ஆமா சார். அதனாலதான் இடுப்பளவு தெரியுது.”

மேனேஜர் கெட்டவர் அல்ல. பயந்தவர். கண்ணாடி உடைந்தபோது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு சில்லு கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆவது என்பது அவர் கவலை. “அவரை அங்கே மாத்த அவரோட தங்கச்சி கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே என் கையில எதுவும் இல்லை” என்றார்.

இரண்டேகாலுக்கு அந்தத் தங்கை வந்தாள், அண்ணனை வழியனுப்ப. அழுது வீங்கிய முகம். அக்கா அவளை மாடிப்படியிலேயே நிறுத்தினார்.

“சின்ன வயசுல உங்க அண்ணனுக்கு வலி வந்தா என்னம்மா பண்ணுவாரு?”

“வலியா? காது வலிக்கு ஒரு தடவை… சுவத்துல மண்டையை இடிச்சாரு. அம்மா தலகாணியை வச்சுத் தடுத்தாங்க.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “அக்கா, அப்போ இப்போ?”

“இப்போவும் அதேதான். நமக்குத்தான் புரியலை. டிக் போட்டது நான்தான்மா. என்னை அப்புறம் திட்டிக்கோ. முதல்ல அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கு.”

மேனேஜரிடம் அவள் ஒரே வரிதான் பேசினாள்: “எங்க அண்ணன் இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போறாரு.” வாடகைக் காரில் மூவரும் ஏறியபோது மூன்று மணி ஆகப்போகிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மாஸ்டரைத் தூரத்திலிருந்தே பார்த்தார். “இவங்க இப்படித்தான் முட்டிக்குவாங்க. மனநலப் பிரிவுக்குப் போங்க.”

“நீங்க வயித்துவலின்னு வந்து முட்டிக்கிட்டா உங்களையும் அங்கேதான் அனுப்புவாங்களா?” என்றார் அக்கா. “பத்து நாள் ஆச்சு. ரெண்டு மாத்திரை போகுது. சீட்டு இதோ. கை வச்சுப் பாருங்க, அப்புறம் எங்கே வேணா அனுப்புங்க.”

டாக்டர் மாத்திரைச் சீட்டை வாங்கினார். இரண்டாம் முறை படித்தார். எழுந்து வந்து வயிற்றில் கை வைத்தார். எக்ஸ்ரே பிரிவுக்குத் தானே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

நான்கு பத்துக்கு அக்காவின் போன் அடித்தது. “வண்டி வாசல்ல நிக்குது. என்ன சொல்ல?” என்றார் மேனேஜர். எக்ஸ்ரே இன்னும் கைக்கு வரவில்லை. தன் விரல் சொன்னது பொய்யானால், இந்த மனிதருக்கு இங்கேயும் இடம் இருக்காது, தனக்கும் வேலை இருக்காது என்று அக்காவுக்குத் தெரியும். “போகச் சொல்லுங்க சார்” என்றார்.

குடல் அடைத்துக்கொண்டு வெடிக்கும் பதத்தில் இருந்தது. அமைதிப்படுத்திய அதே மாத்திரை குடலையும் அமைதிப்படுத்தி வைத்திருந்தது. வலியில் முட்டினார், முட்டியதற்கு மாத்திரை கூடியது, கூடியதால் வலி கூடியது. இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் ஆபரேஷன், அல்லது பிணம் என்றார் டாக்டர்.

ஆறு நாளில் மாஸ்டர் திரும்பினார். முட்டுவதை நிறுத்திவிட்டார், மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். உத்தரவை மீறி வெளியே கூட்டிப்போனதற்காக அக்காவுக்கு மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் ‘இதற்கு முன் என்ன நடந்தது’ என்று நான்காவதாக ஒரு கட்டம் கேட்டார். அச்சடிக்க நாளாகும் என்றார்கள். அதுவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறார். கழிவறைக் குறிப்பை, யார் பார்த்தது என்ற பெயரோடு எழுதுகிறார். தினமும் சாயங்காலம் வக்கீலம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கிறார். அந்த அம்மாள் சாட்சி சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்.

அந்த விடுதியில் மாஸ்டருக்கு ஒதுக்கிய கட்டில் மறுநாளே நிரம்பிவிட்டது. அதில் படுத்திருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது என்று அஞ்சுகிறேன்.

உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலும் இப்படி ஓர் இல்லம் இருக்கும். பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் அல்லவா? இந்த வாரம் வெறுங்கையோடு போங்கள். அமைதி மாத்திரை யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் கத்துவதற்கு முன் என்ன நடந்தது என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். ‘காரணம் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் கிளம்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடமும் கேளுங்கள்.