கோமதியின் பேசும் போன்

“எனக்கு வர மெசேஜை எனக்கு முன்னாடி நீ ஏண்டா படிக்கறே?” என்று கோமதி தன் தம்பி பஞ்சுவிடம் சீறினாள்.

“உனக்குத்தான் கண்ணு தெரியாதேக்கா!”

அதற்காக வலியசாலைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பானா, தடியன்? பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கோ எழுத்து தெரியாது. மறுநாள் அவளைத் தம்பானூரில் ஒரு போன் கடைக்கு அழைத்துப்போனேன்.

கடைக்காரன் என்னைப் பார்த்து, “இந்த அம்மைக்குப் பட்டன் போன் போதுமல்லோ?” என்றான்.

“வாங்கறது நான், எங்கிட்ட கேளு. விரல் வெச்சா படிச்சுச் சொல்ற போனை எடு!” என்றாள் கோமதி.

இப்போது பஞ்சு எட்டிப் பார்த்தால் திரை கறுப்பாக இருக்கிறது. போன் பேசும்போதே திரையை அப்படி இருட்டாக்கி வைக்கவும் அதில் வழி உண்டாம். அவள் இயர்போனில் கேட்டுச் சிரிக்கிறாள்.

“ஒண்ணும் தெரியாத இந்தப் போனுக்கு எத்தனை ரூபா கொடுத்தே?” என்று கேட்டான் பஞ்சு.

“என் பென்ஷன் காசுடா. பதினோராயிரம்.”