முந்தானை வரிசை

குன்னூருக்குக் கீழே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். எஸ்டேட்காரர்கள் வாசலில் வேறு பெயர்ப்பலகை மாட்டினார்கள். அது மழையில் நனைவதோடு சரி. அங்கே ஆயா கோகிலவாணி. அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. யாராவது கேட்பதற்கு முன்பே, "ஒரு காம்பரா நிறைய இருக்குதே, அது பத்தாதா?" என்று அவளே சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அந்த நிறைவில்தான் ஸ்டெபி வந்து கை வைத்தாள். காலை நேரத்தில் ஆட்டமும் பாட்டுமாகச் சொல்லிக்கொடுக்க எஸ்டேட் நியமித்த டீச்சர். காலேஜ் முடித்த குன்னூர்ப் பெண். அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், வாயில் வைத்த இட்லியை விழுங்காமலே பிள்ளைகள் வாசலுக்கு ஓடும். கோகிலவாணிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். மூக்கு ஒழுகினால் ஆயா, பாட்டென்றால் டீச்சரா என்று சாம்பார்க் கரண்டியிடம் நியாயம் கேட்பாள். அந்தப் பெண்ணோ அக்கா, அக்கா என்று மரியாதையாகவே பேசினாள். திட்டக்கூட ஒரு காரணம் தராதவளை என்னதான் செய்வது?

எதைப் பொறுத்தாலும் தாரிணி விஷயத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. சேலைத் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து ஆயாவின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. இப்போது நாலு வயதாகி, தலை பின்னிவிட உட்கார்ந்தால், டீச்சர் பின்னுகிற மாதிரி பின்னச் சொல்கிறது. அன்றைக்குச் சீப்பு கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

ஒரு பாடம் மட்டும் கோகிலவாணியின் கையிலேயே இருந்தது. முற்றத்துக்குக் காட்டெருமை வந்தால் கத்தக் கூடாது, ஓடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்களின் துணியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராகச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். மாடு போகிறவரைக்கும் பிடித்ததை விடக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது. விளையாட்டுப் போலவே இதைப் பழக்கியிருந்தாள். பெரியவர்கள் என்று சொன்னாளே தவிர, அவள் மனதில் இருந்த பெரியவள் அவள் ஒருத்திதான். ஸ்டெபி இருந்த நேரத்தில் மாடு வந்ததில்லை. கோகிலவாணியும் அவளிடம் மூச்சுவிடவில்லை. அதையாவது தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

இந்த நிலையில், கோயம்புத்தூர் நாடகக்காரர்கள் குன்னூரில் சர்ச் ஹாலில் குழந்தைகளுக்காக நாடகம் போடுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்றாள் ஸ்டெபி. வளைவில் வாந்தி எடுக்கும், ஹாலில் குளிரும், அம்மாக்கள் விடமாட்டார்கள் என்று கோகிலவாணி அடுக்கிப் பார்த்தாள். அம்மாக்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கூட ஆயாவும் வந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். வாந்தி துடைக்க ஆள் வேண்டாமா என்று அவள் பொருமிக்கொண்டே பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டினாள். வேனில் நாடகம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் டீச்சரைத்தான் கேட்டன. கோகிலவாணியும் நாடகம் பார்த்ததில்லை; அவளை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஹாலில் பிள்ளைகள் ஆயாவைச் சுற்றி உட்கார்ந்தன. தாரிணி மட்டும் டீச்சர் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து வரிசையின் மறுகோடிக்குப் போனாள். விளக்கு அணைந்தது. மேடையில் பாட்டு, கூத்து, தொப்பிக்காரன் ஒருவனின் சேட்டை. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து காட்டெருமை வந்தது. காகிதக்கூழ்க் கொம்பு, வெள்ளைக் காலுறை, உள்ளே ஒரு மனுஷன். டவுன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, கோகிலவாணியின் முந்தானையைப் பிடித்து ஒன்றின்பின் ஒன்றாக நின்றன. ஸ்டெபி கிசுகிசுப்பாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கோகிலவாணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இது வேஷம், பயப்படாதீங்க என்று சொல்லி உட்காரவைத்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளடி, இது யார் பிள்ளைகள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். இடுப்போரம் தாரிணியின் கையைத் தேடினாள். எப்போதும் முதலில் வந்து பிடிக்கிற கை அது. அங்கே ஒன்றுமில்லை.

மறுகோடியில், ஸ்டெபிக்குப் பின்னால், அவளுடைய துப்பட்டா நுனியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு தாரிணி நின்றிருந்தாள்.

"தாரிணி, இங்க வா," என்றாள் கோகிலவாணி. பிள்ளை வரவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். தாரிணி உதட்டில் விரலை வைத்தாள். பிறகு, ஆயாவுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்கிற கவலையோடு, மெதுவாகச் சொன்னாள்:

"மாடு நிக்கிறப்போ கூப்பிடக் கூடாது ஆயா. பிடிச்சத விடக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க?"

ஸ்டெபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்து, சிரித்தபடி துப்பட்டாவை உருவிக்கொள்ளப் போனாள். தாரிணியின் முகம் அழுகைக்குக் கோணியது. உருவட்டும், அழட்டும், அழுதுகொண்டு என்னிடம்தான் வரும் என்று கோகிலவாணியின் மனம் ஒரு நிமிடம் காத்திருந்தது. உண்மையிலேயே காத்திருந்தது.

"இழுக்காதீங்க டீச்சர்," என்றாள் கடைசியில். "துணிய அவ கையிலயே விடுங்க. அவளா விடற வரைக்கும் அசையாம நில்லுங்க. பாடம் அப்படித்தான்."

ஸ்டெபி அசையாமல் நின்றாள். மேடையில் அந்த ஆள் கொம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடு போட்டான். முந்தானையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிள்ளைகள் கைதட்ட ஓடின. கோகிலவாணி கசங்கிய முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள். தாரிணி அப்போதும் துப்பட்டாவை விடவில்லை.