எல்கடுவப் பள்ளத்தாக்கில் ரேடியோவில் வந்த உத்தரவு

எங்கள் பழைய சீ.ஓ. ஒரு பொய்யர். எங்கள் ஸ்குவாட்ரனை நடத்திய கமாண்டிங் ஆபீசரைத்தான் சொல்கிறேன். பென்ஷன் எடுத்த பிறகும் இளம் விமானிகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறார். வீட்டாருக்கு வித்தை காட்டப் போய்ச் செத்தவன் என்று ஃபிளையிங் ஆபீசர் அந்தோனியை அங்கே உதாரணம் காட்டுகிறார். அன்று அந்தோனிக்குப் பக்கத்து விமானத்தில் பறந்தவன் நான். நடந்தது இதுதான்.

அறுபதுகளின் பிற்பகுதி, இலங்கை விமானப்படை. அந்தோனியும் நானும் மாத்தளை டவுன் ஆட்கள். அவனுடைய அக்கா எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சீ.ஓ.வின் கிளப் சிநேகிதர். துரை பங்களாவில் ஒரு விருந்து. விருந்தாளிகள் பார்க்க இரண்டு ஜெட் தாழப் பறக்கும் என்று சீ.ஓ. வாக்குக் கொடுத்துவிட்டார்.

மலையில் பறக்க ஒரு விதி உண்டு. பள்ளத்தாக்குக்குள் மேலிருந்து இறங்கி, கீழ்ப்பக்கம் வெளியேற வேண்டும். கீழிருந்து போனால் தரையும் கூடவே ஏறும். புரொப்பெல்லர் விமானத்தில் பவரைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியதும் இழுவை கிடைத்துவிடும். அந்தக் காலத்து ஜெட்டில் பவரைக் குறைத்துவிட்டால், எஞ்சின் மறுபடி சுற்றி எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மலை வந்துவிடும். பறக்கும் முன் நடந்த பிரீஃபிங்கில் இதைச் சொன்னேன்.

சீ.ஓ. இங்கிலீஷில்தான் பேசுவார். "விருந்தாளிகள் மாத்தளைப் பக்கம் பார்த்து உட்காருவார்கள். முதுகுக்குப் பின்னால் வந்தால் எதைப் பார்ப்பது? கீழிருந்து வா. பயமாக இருந்தால் சொல், ஸ்டோர்ஸில் போடுகிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் அந்தோனி சிரித்தான். "ஸ்டோர்ஸுக்குப் போ மச்சான். பூட்ஸாவது உன் சைஸுக்குக் கெடைக்கும்."

"வெளையாடாத. கீழயிருந்து போறதுன்னா பவரக் கொறைக்கவே கூடாது."

"எனக்குத் தெரியாதா? வேகமாப் போயி, பங்களாவத் தாண்டினதும் எடது பக்கம் திரும்பிருவோம். காதப் பொத்திக்கிட்டு நில்லுன்னு அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

பேசி வைத்தபடி வேகமாகத்தான் போனோம். அவன் லீடர். நான் அவனுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால். மாத்தளையைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது ரேடியோவில் சீ.ஓ.வின் குரல் கேட்டது. பங்களாப் புல்வெளிக்கு ஒரு ரேடியோ செட்டைக் கொண்டுபோயிருந்தார். அது எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

"வேகம் அதிகம், லீடர். குறை. இங்கே லேடீஸ் போட்டோ எடுக்க வேண்டும்."

அந்தோனி குறைக்காமலே பறந்தான்.

"குறை. இது உத்தரவு."

"ரோஜர்" என்று ஒப்புக்கொண்டான். பவரைக் குறைத்தான். நான் எஞ்சினைச் சுற்றவிட்டு, காற்றைத் தடுக்கும் ஏர் பிரேக்கை வெளியே தள்ளி வேகத்தை மட்டும் குறைத்தேன். "பவர், அந்தோனி, பவர்" என்று கத்தினேன். அவன் த்ராட்டிலைத் தள்ளித்தான் இருப்பான். எஞ்சின் எழும்பவில்லை. பங்களாவுக்கு மேலே தேயிலை மலையில் மோதினான். நான் ஏர் பிரேக்கை மூடிக்கொண்டு ஏறித் தப்பினேன்.

விசாரணையில், ரேடியோவில் தான் பேசவே இல்லை என்று சீ.ஓ. சொன்னார். துரை தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். செத்த நண்பனுக்காகக் கதை கட்டுகிறேன் என்று என்னை ஜெட்டிலிருந்து எடுத்துச் சரக்கு விமானத்தில் போட்டார்கள்.

அடக்கம் முடிந்து அந்தோனியின் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. நான் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட நிக்கிறேன்னு சொன்னதாலதான் அவன் அப்புடித் தாழ வந்தானா? தோட்டத்துல எல்லாரும் அப்புடித்தான் பேசுறாங்க."

"இல்லக்கா. உத்தரவு வந்துச்சு. என் காதால கேட்டேன்."

"அப்ப அந்தப் பெரியவரு ஏன் இல்லேங்கிறாரு?"

இன்றும் என்னைக் கண்டால் அதையே கேட்கிறார். தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பறக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தரையில் நிற்பவன் கேட்கும் வேகத்தில் பறக்காதீர்கள். உத்தரவை மீறினால் வேலை போகும். போகட்டும்.

சீ.ஓ. அவர்களே, உங்கள் அடுத்த வகுப்புக்கு அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அத்தனை விமானிகளுக்கும் முன்னால், அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொன்னது யார்?