நோக்குகூலி

வென்றால் காக்கநாடு, தோற்றால் நீலச் சட்டை. அந்த வாரம் பிஜுவின் வீட்டில் வேறு பேச்சில்லை.

அப்பா வேலன் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமட்டுக்காரர்களின் நீலச் சட்டை போட்டுச் சுமை இறக்குகிறவர். முழங்கால் போய்விட்டது. அவருடைய சங்க அட்டையை மகன் பேருக்கு மாற்றலாம். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும்.

பிஜு பி.காம். முடித்துச் சும்மா இருந்தான். வேலையில்லாதவர்களுக்கு சர்க்கார் தரும் படியை வாங்கி, இன்டர்நெட் கஃபேயில் நாடுகளை ஆண்டு தீர்த்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். வரி போட வேண்டும், ஆலை கட்ட வேண்டும், வேலை இல்லாதவனுக்குச் சோறு போட வேண்டும், கஜானாவும் காலியாகக் கூடாது. இப்படி விளையாட்டுகள் செய்யும் காக்கநாட்டுக் கம்பெனி ஒன்று, விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் தேடியது.

"களிச்சா சம்பளமா? கேட்டா ஆளுங்க சிரிக்கும்டா" என்றார் வேலன்.

"நீங்க சும்மா நின்னு நோக்கிட்டு வாங்கல்லியா அப்பா?"

வேலன் முகம் இறுகியது. முதலாளி மெஷின் வைத்து லாரிச் சரக்கை இறக்கினால், வேலை போன சுமட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி வாங்குவார்கள். நோக்குகூலி.

"அத வாங்கித்தானேடா உன்னைப் படிப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காக்கநாட்டில் சோதனை வைத்தவர் சங்கர்ராம், பாலக்காட்டுக்காரர். "பத்து வருஷம் இந்த ஊரை ஆளணும். கஜானா காலியாகப்படாது. அவ்வளவுதான்."

திரையில் ஒரு துறைமுகம். மூன்றாம் வருஷம் கிரேன்கள் வந்தன. வேலையில்லாதவர்களின் எண்ணிக்கைக் கோடு சிவப்பாக ஏறியது. அவர்களுக்கான படி ஏறியது. கஜானா வற்றியது.

வழி பிஜுவுக்குத் தெரியும். படியைப் பாதியாக வெட்ட வேண்டும். கஃபேயில் அப்படித்தான் ஜெயித்திருக்கிறான். வெட்டினால் தொழிலாளர் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கஃபேயின் சின்னத் திரையில் அது கண்ணில் பட்டதில்லை. இங்கே சுவர் அளவு திரை. ஜன்னல்களுக்குள் ஆட்கள் நடப்பதுகூடத் தெரிந்தது.

விரல் நின்றது. பின்னால் சங்கர்ராம் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

பிஜு படியைத் தொடவில்லை. கிரேன் முதலாளிகள் மேல் வரி போட்டான். எத்தனை பேருடைய வேலையைக் கிரேன் எடுத்ததோ, அத்தனை பேருக்கும் அதன் முதலாளியே கொடுக்கட்டும். கஜானா நிமிர்ந்தது. தெருவில் ஒரு விளக்கும் அணையவில்லை.

"கொள்ளாமே, நன்னாருக்கே" என்றார் சங்கர்ராம்.

ஐந்தாம் வருஷம் ஒரு கப்பல் வரவில்லை. பிறகு இன்னொன்று. திரையின் ஓரத்தில் அடுத்த நாட்டின் துறைமுகம் பெரிதாகிக்கொண்டிருந்தது. இங்கே கிரேன்கள் வெறுமனே நின்றன. கிரேன் ஓட்டியவர்களும் சிவப்புக் கோட்டில் சேர்ந்தார்கள். பிஜு வரியை நீக்கினான். கப்பல் திரும்பவில்லை. படியைப் பாதியாக்கினான், பிறகு கால்வாசியாக்கினான். ஏழாம் வருஷம் தெரு முழுக்க இருண்டது. கஜானா காலியாகி, திரை சாம்பல் நிறமானது.

"கிரேன் மேல வரி. இது எங்கேந்து தோணித்து?"

"எங்க பஜார்ல வழக்கம், சார்."

சங்கர்ராம் சிரித்தார். சிரிப்பில் கேலி இல்லை. "விளையாட்டுல குறை சொல்ல ஒண்ணுமில்லை, பிஜு. நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

நீலச் சட்டை பிஜுவின் தோளில் தொளதொளத்தது. முதல் வாரமே மிளகுக் கிடங்கு ஒன்றில் மெஷின் லாரிச் சரக்கை இறக்கியது. கூட வேலை செய்யும் நாணு சேட்டன் அவனைச் சுவரோரம் இழுத்து நிறுத்தினார். "நில்லுடா. கண்ணைத் திறந்து நோக்கு. உன் அப்பன் இதுல கில்லாடி."

மூட்டைகள் இறங்கி முடிந்தன. முதலாளி வரிசையில் நின்ற சுமட்டுக்காரர் ஒவ்வொருவர் கையிலும் கூலியை வைத்தபடி வந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் பிஜுவைப் பயமுறுத்தியது.

"கிடங்கு இங்கதானே இருக்கும், முதலாளி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கரையில வல்லார்பாடத்துல புதுத் துறைமுகம் வரட்டும். அப்புறம் சொல்றேன்."

நாணு சேட்டன் முழங்கையால் இடித்தார். வரிசை பிஜுவுக்காக நின்றது.

பிஜு கையை நீட்டினான்.