பெட்டிக்குள் போகப் பழக்குகிறவர்

லியாகத் அலிக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பத்தொன்பது வருஷம் குவைத்தில் நாய்க்கூண்டு கழுவுவதிலேயே போயிற்று. சரக்குக் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் அனுப்பினான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வெளிநாட்டுக்காரர்கள் ஊர் மாறும்போது அவர்களுடைய நாய்களை வாங்கி வைத்திருந்து, பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றி அனுப்புகிற இடம் அது என்று. வீட்டுக்குப் போன் பேசும்போது ‘பார்சல் வேலை’ என்றே சொல்லிவந்தார். அதில் பொய்யும் இல்லை.

முழங்கால் தேய்ந்துபோய் திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பி வந்தவர், பேன்சி ஸ்டோர் ஒன்று வைத்தார். அது ஒரு வருஷம்கூட ஓடவில்லை. கடையை மூடிய மாதத்தில், தெரிந்தவர் ஒருவர் தன் நாயைப் பெங்களூரில் இருக்கும் மகளிடம் கொண்டுபோய் விட வழி தெரியாமல் நின்றார். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ரயிலில் அனுப்பப் பயம். லியாகத் அலி கொண்டுபோய் விட்டார். அடுத்து ஒருவர் கேட்டார். அதற்கடுத்து இன்னொருவர். மறக்க நினைத்த வேலை தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பழைய ஈகோ வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பெட்டி நகராமல் இருக்கக் கொக்கி அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஸ்மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் வகுப்பு. ஏழெட்டுப் பேர் நாயோடு வருவார்கள். கூப்பிட்டால் வருவது, உட்கார் என்றால் உட்காருவது, கயிற்றை இழுக்காமல் நடப்பது, கடைசியாகப் பெட்டிக்குள் தானாகப் போய்ப் படுப்பது. கற்றுக்கொடுப்பது இவ்வளவுதான். இதை ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் சலித்துவிட்டது. பாதிப் பேர் நாயை வேலையாள் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, இஸ்திரிக்குப் போட்ட துணியைக் கேட்பதுபோல் ‘எப்ப பாய் ரெடியாவும்?’ என்று போனில் கேட்பார்கள். மீதிப் பேர் நாய் உட்காராவிட்டால் சத்தம் போடுவார்கள். ‘சத்தம் போடாதீங்க, அதுக்குக் காது நல்லாவே கேக்கும்’ என்று இவர் சொல்வார். அடுத்த வாரமும் அதையே சொல்வார்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் கொல்லைப் பக்கமாகத்தான் வர வேண்டும். மனைவி சைத்தூன் பீவி அங்கே ஒரு வாளித் தண்ணீரும் மாற்றுக் கைலியும் வைத்திருப்பாள். நாய் எச்சில் பட்ட உடம்போடு தொழுகிற வீட்டுக்குள் வரக் கூடாது; குளித்து, துணி மாற்றி, பிறகுதான் உள்ளே. அந்த ஏற்பாட்டை அவள் ஒரு நாளும் கோபத்தோடு சொன்னதில்லை. இவரும் மீறியதில்லை.

கீழ்வேளூர் பக்கத்திலிருந்து இளஞ்செழியன் போன் செய்தது மே மாதத்தில். ஜெர்மனியில் வேலை. நான்கு வருஷமாகத் தனியாக இருந்தவன், விசா கிடைத்ததும் மனைவியை அழைத்துப்போக வந்திருந்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் இப்போது இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, வீட்டைப் பூட்டப் போகிறார்கள். நாயையும் கொண்டுபோக வேண்டும்.

“என்னிக்கி ஃபிளைட் தம்பி?” என்றார் லியாகத் அலி.

“வர்ற வியாழக்கிழமை பாய். பேப்பரெல்லாம் ரெடி. ஊசி போட்டாச்சு, தோலுக்கு அடியில சிப் வச்சாச்சு, ரத்தம் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டும் வந்தாச்சு. பெட்டிகூட வாங்கிட்டேன்.”

“பெட்டியில ஏறி பழக்கம் உண்டா?”

“அதுக்குத்தான் உங்கள கூப்பிடுறேன்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இருப்பது மூன்று நாள்.

ஒரு மாசமாவது வேண்டும் என்று அவர் சொன்னார். டிக்கெட் போட்டாயிற்று என்று அவன் சொன்னான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்று சொன்னால் வேறு யாராவது கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். போனார்.

லட்டு என்று பெயர். சந்தன நிற லேப்ரடார், ஏழு வயது, சோறு தின்று பருத்த உடம்பு. பெட்டியைப் பார்த்ததுமே இளஞ்செழியனின் மனைவி குந்தவையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முதல் நாள் பெட்டிக் கதவைக் கழற்றி வைத்து, உள்ளே கறித்துண்டு போட்டுக் காத்திருந்தார். தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் நாள் முன்னங்கால் இரண்டும் உள்ளே போயின. மூன்றாம் நாள் இளஞ்செழியன் பொறுமை இழந்து பின்னாலிருந்து தள்ளிவிட, லட்டு போட்ட கூச்சல் நான்கு வீடு தள்ளிக் கேட்டது. இரண்டு நாள் செய்ததும் அதோடு போயிற்று.

குந்தவை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “மயக்கத்துக்கு ஏதாவது குடுத்து கொண்டு போவ முடியாதா பாய்?”

“கூடவே கூடாதும்மா. மயக்கத்துல இருக்குற நாய்க்கு மூச்சுத் திணறினா எந்திரிச்சி திரும்பிப் படுக்கத் தெரியாது. வாந்தி வந்தா மூச்சுக் குழாய்க்குப் போயிடும். விமானத்துலயும் ஏத்திக்க மாட்டாங்க. ராத்திரிக்கு மேல சோறும் போடாதீங்க. தண்ணி மட்டும் கொஞ்சம்.”

“கத்திக்கிட்டே வருமே.”

“கத்தட்டும். கத்துற நாய் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

வியாழக்கிழமை வெயில் ஏறுவதற்குள் சென்னை வழியில் பாதித் தூரமாவது போய்விட வேண்டும் என்று அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். கணவனும் மனைவியும் வாடகைக் காரில் முன்னால் போனார்கள். லட்டுவை மூன்று பேரும் சேர்ந்துதான் பெட்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. கொஞ்சம் முனகியது. நாகப்பட்டினம் வரைக்கும் நகத்தால் பிராண்டியது. காரைக்கால் தாண்டியபோது சத்தம் அடங்கிவிட்டது.

சீர்காழியில் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது மறுபடி பார்த்தார். அதே மாதிரி படுத்திருந்தது. மூன்று நாளாகப் பெட்டியைக் கண்டாலே அலறிய நாய் இப்படித் தூங்காது என்று உள்ளே ஏதோ சொல்லத்தான் செய்தது. ஆனால் அவர் அந்த வாரத்தில் ஒழுங்காகத் தூங்கியே நான்கு நாள் ஆகியிருந்தது. முழங்கால் வலித்தது. இன்னும் நான்கைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். அது அமைதியாக இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. களைத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினார்.

சிதம்பரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, “லட்டு” என்றார். காது அசையவில்லை. கம்பிக்குள் விரலை விட்டு மூக்கைத் தொட்டார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. வாயோரம் வெள்ளையாகப் பருக்கை ஒட்டியிருந்தது. தயிர்சோறு.

குந்தவைக்குப் போன் போட்டார்.

“நாய்க்கு என்னம்மா குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலையே பாய். ஏன்?”

“எந்திரிக்க மாட்டேங்குது.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“நான் கோவப்பட மாட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்ன மாத்திரை, எத்தனைன்னு மட்டும் சொல்லும்மா. டாக்டருக்கு அதான் வேணும்.”

அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “ரெண்டு. எங்க அத்தைக்கு எழுதிக் குடுத்த தூக்க மாத்திரை. சோத்துல வச்சி குடுத்தேன்.”

“மாத்திரை அட்டை கையில இருக்கா?”

“இருக்கு.”

“அத ஃபோட்டோ எடுத்து அனுப்பு. நான் சிதம்பரம் திரும்புறேன்.”

டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார், ஒரு பெண் டாக்டர் வீட்டிலேயே நாய் மாடு பார்க்கிறார் என்று. அந்த வீட்டு வாசலில் முப்பத்தைந்து கிலோ நாயைத் தூக்கி இறக்கியபோது லியாகத் அலியின் வலது முழங்கால் சொடுக்கியது. டாக்டர் இன்னும் குளிக்கக்கூட இல்லை. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, மாத்திரைப் படத்தைப் பார்த்து, உடனே ஊசி ஏற்றினார். சலைன் மாட்டினார். தலையைத் தாழ்வாக வைத்து வாயைத் துடைத்துவிட்டார்.

“நீங்கதான் வளக்குறீங்களா?”

“இல்லம்மா. கொண்டு போறவன்.”

“நாடித் துடிப்பு இருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு சிரமம் இல்ல. பாப்போம்.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்தோம் என்று லியாகத் அலி கணக்குப் பார்த்தார். சீர்காழிக்கு இந்தப் பக்கம். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட இடம்.

கடலூர் வரை போயிருந்த கார் ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தது. குந்தவை தரையில் உட்கார்ந்து லட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கணவனிடம் அவளே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. இளஞ்செழியன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். பன்னிரண்டு மணிக்கு லட்டு கண்ணைத் திறந்து, அவள் கையை ஒரு தடவை நக்கிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

“இன்னிக்கி ஏத்த முடியுமா டாக்டர்?” என்றான் இளஞ்செழியன்.

“இன்னிக்கி இல்ல, இந்த வாரமே கிடையாது.”

அவன் வெளியே வந்து லியாகத் அலியின் பக்கத்தில் நின்றான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், மனைவியைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. அவன் கேட்கத் தயங்கியதைக் குந்தவைதான் வந்து கேட்டாள். “நாலு வருஷம் அந்த வீட்டுல எனக்கு இவதான் துணை பாய். நான் அவர்கிட்ட போறேன்னு இவளக் கொல்லப் பாத்துட்டேன். கொஞ்ச நாள் நீங்க வச்சிருக்கீங்களா?”

லியாகத் அலிக்குக் கொல்லையில் இருக்கும் வாளியும் மனைவியின் முகமும் நினைவுக்கு வந்தன. தானும் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டி வந்ததை அவளிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் அவள் பாரம் குறையுமா, தன் பாரம் குறையுமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

“சரிம்மா. பாத்துக்குறேன். நேரமாவுது, கிளம்புங்க.”

மறுநாள் சாயங்காலம் லட்டுவோடு வீடு வந்து சேர்ந்தார். சைத்தூன் பீவி கொல்லைக் கதவைத் திறந்து, நாயையும் இவர் நொண்டுவதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு மாசம்.”

“விறகுக் கொட்டாய்ல கட்டுங்க. வீட்டுக்குள்ள வரக் கூடாது.” போய் ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்துவந்து தூரத்திலிருந்தே வைத்தாள்.

விறகுக் கொட்டகையில் பெட்டியைப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார் லியாகத் அலி. முதல் வாரம் பெட்டிக்குப் பக்கத்தில் சோறு. இரண்டாம் வாரம் பெட்டி வாசலில். பிறகு உள்ளே. வேறெங்கும் சோறு கிடையாது. முழங்கால் வீங்கியதால் நடுவில் ஐந்தாறு நாள் அவரால் குனிய முடியவில்லை. அப்போது சைத்தூன் பீவிதான் ஒரு நீளக் குச்சியால் சட்டியைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். உப்புப் போடாமல் கோழிக் குடலும் சோறும் வேக வைத்தாள். “இந்தா, போ” என்பாள். வேறு பேச்சில்லை. லட்டு அந்த இரண்டு வார்த்தைக்குப் பழகிக்கொண்டது. சட்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு கதவைச் சாத்தினார். ஐந்து நிமிஷம், அரை மணி, இரண்டு மணி. பெட்டியோடு வேனில் ஏற்றி மன்னார்குடி வரை போய்த் திரும்பினார். கத்தவில்லை. தூங்கினால் அடிக்கொரு தரம் வண்டியை ஓரம்கட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். வாலை ஆட்டியது. அப்புறம்தான் வண்டியை எடுத்தார்.

ஜூன் கடைசியில் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த வாரத்தில் சென்னைக்குக் கொண்டுபோனார். சரக்குப் பிரிவில் ஆட்கள் பெட்டியைச் சோதிப்பதற்காக லட்டுவை வெளியே இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். சோதித்து முடித்ததும், “உள்ள போவுமா, தூக்கணுமா?” என்றார் அங்கிருந்தவர்.

“இந்தா, போ” என்றார் லியாகத் அலி.

லட்டு தானாக உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, தாடையைக் காலில் வைத்துப் படுத்துக்கொண்டது. கதவைப் பூட்டினார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மாட்டினார்கள். தள்ளுவண்டி நகர்ந்தபோது அது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் பழக்கியிருந்தார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலை மடக்கி வேனில் ஏற வேறொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் யாராவது நாயை அனுப்ப வேண்டும் என்றால், பயணத்துக்கு முந்தின நாளே அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடச் சொல்கிறார். கடைசிச் சாப்பாடு தன் கையால்தான். சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர் காரணம் சொல்வதில்லை. வண்டி ஓட்டும்போது மணிக்கொரு தரம் நிறுத்துவதால் சென்னைக்குப் போய்ச் சேர முன்பைவிட நேரமாகிறது, உடம்பும் கூடுதலாக அசந்துபோகிறது.

லட்டுவை அனுப்பிவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினார். எழுந்தபோது குந்தவை அனுப்பிய படம் போனில் இருந்தது. ஏதோ ஒரு மாடி வீட்டுப் பால்கனியில் லட்டு. சைத்தூன் பீவி எட்டிப் பார்த்தாள்.

“போய்ச் சேந்துடுச்சா?”

“ம்.”

“அங்க சோறு ஒழுங்கா திங்கிதாமா?”

“தெரியல. எழுதல.”

“கேளுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். லியாகத் அலி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் மெல்ல எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினார்.