தணலுக்கு ஒரு முடிவு

1. முதல் நாள்

எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் எங்கள் காமிக்ஸ் ஆபீஸ் இருந்தது. நான் வேலை கேட்டுப் போன அன்று எடிட்டர் நாச்சிமுத்து அண்ணன் ஒரு பழைய வெளிநாட்டு சூப்பர்ஹீரோ புத்தகத்தை என் முன்னால் போட்டார். பேச்சு பலூன்களில் இருந்த வசனம் எல்லாவற்றையும் வெள்ளை மை பூசி அழித்திருந்தார்.

"இவன் பறக்கறது, செவுத்த ஒடைக்கறது எல்லாம் படத்துலயே தெரியுதுங்க அம்மிணி. எதுக்குச் செய்யறான்னுதான் தெரியறதில்லீங்க. அத எழுதுங்க பாக்கலாம்," என்றார்.

அதுதான் எனக்கு வைத்த பரீட்சை. எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்றதால் மலைமேல் இருக்கும் என் ஊர் சூரியநெல்லியை விட்டு நான் நகரவில்லை. எத்தனையோ ஹீரோக்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய கதைகளில் ஹீரோ கொல்ல மாட்டான். ஊரையே எரித்த வில்லனாக இருந்தாலும் பள்ளத்தில் விழும்போது கையைப் பிடித்துத் தூக்கிப் போலீசில் விடுவான். வில்லன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு ஒரே ஒரு பேனல், ஒரு கட்டப் படம், கொடுப்பார்கள். லேப் வெடித்தது, கூட்டாளி ஏமாற்றினான், அவ்வளவுதான். என் கண் அந்த ஒரு பேனலில்தான் நிற்கும்.

பிறகு எங்களுக்கென்று சொந்தமாக ஒரு ஹீரோவை உண்டாக்கினோம். பெயர் பனிமுகன். மூடுபனிக்குள் ஊடுருவிப் பார்க்கிற சக்தி அவனுக்கு. சில வருஷங்களுக்கு முன் அவனுக்கு எதிராக ஒரு வில்லன் வேண்டியிருந்தது. தணல் என்று பெயர் வைத்தேன்.

2. பச்சைக் கதவு

தணல் ஒரு எஸ்டேட் எலெக்ட்ரீஷியன். அவன் குடியிருந்த லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மேட்டில் மண் விரிந்து விரிசல் விட்டிருக்கிறது என்று மேலாளரிடம் போய்ச் சொல்கிறான். மேலாளர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அன்றைக்கே மண் சரிகிறது. மனைவி மண்ணுக்குள் போய்விடுகிறாள். சுவரெல்லாம் போய் வாசற்கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது. அதன் பிறகு அவன் தணலாக மாறி, அந்த மேலாளரைத் தேடிப் பிடித்து மலை விளிம்பில் ஒரு கயிற்றில் தொங்கவிடுகிறான். பனிமுகன் வந்து சேருகிற இடத்தில் அந்த மாதப் புத்தகத்தை முடித்திருந்தேன்.

புத்தகம் வந்த பிறகு வீட்டு போனுக்குச் சில அழைப்புகள் வந்தன. எடுத்தால் பேச்சு இருக்காது. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் ஊரில் அப்போது மழையே இல்லை.

ஒரு நாள் மத்தியானம். பனி இறங்கி வாசல் வேலி தெரியவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். சக்குபள்ளத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் தங்கராஜ். கையில் எங்கள் புத்தகம் இருந்தது. ஆபீஸில் என் நம்பரும் விலாசமும் வாங்கினாராம், போன் பண்ணியும் பேச வரவில்லை என்றார்.

"அக்கா, இந்தக் கதவு பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

எங்கள் புத்தகம் கறுப்பு வெள்ளை. கதவின் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட அச்சில் இல்லை. ஆனால் ஆர்ட்டிஸ்டுக்கு அனுப்பிய குறிப்பில் நான் 'பச்சைக் கதவு' என்று எழுதியிருந்தேன். கலர் இல்லை என்று அவர் அதை விட்டுவிட்டார்.

"பச்சைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"எங்க வீட்டுக் கதவு அதுதானே. மலை மண்ணு சரிஞ்ச உருள்பொட்டல்ல பேச்சியம்மா போனா. கதவு நின்னுச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றபடியே சொன்னார். அவருடைய மனைவிதான் பேச்சியம்மா. மண் விரிந்ததை அவர் போய்ச் சொன்ன சூப்பர்வைசர் பெயர் குருசாமி. அந்தக் குருசாமிக்கு இப்போது கிட்னி போய்விட்டது. வாராவாரம் டயாலிசிஸுக்கு அவரை ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு மலை இறக்கத்தில் கம்பத்துக்குக் கொண்டுபோகிற டிரைவர் தங்கராஜ்தான். அவர்கள் வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டம் மூடிய பிறகு கிடைத்த வேலை அது. தாடி வளர்ந்து ஆளே மாறிவிட்டதால் குருசாமிக்கு அடையாளம் தெரியவில்லை என்றார்.

"ஸ்டியரிங்கை ஒரு இழு இழுத்தாப் போதும். இத்தனை நாளும் அது மனசுல தோணல. உங்க புஸ்தகம் படிச்சப்புறம்தான் நான் எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னே புரிஞ்சது." பிறகு மெதுவாகக் கேட்டார். "அடுத்த மாசம் பனிமுகன் அந்த மேலாளரைக் காப்பாத்துவானா?"

காப்பாற்றுவதாகத்தான் எழுதியிருந்தேன். சொன்னேன்.

"அவனுக்கு என்னக்கா? அவன் பொண்டாட்டியா போனா?"

இத்தனை வருஷம் ஹீரோக்களுக்கு வசனம் எழுதிய எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவர் திரும்பிப் பனிக்குள் இறங்கினார். காலடிச் சத்தம்கூட இல்லை. பின்னாலேயே ஓடிப்போய், "அடுத்த தடவை போறப்ப நானும் ஜீப்புல வரேன்," என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து, "வாங்க," என்று மட்டும் கேட்டது.

போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? ஒருவர் காமிக்ஸ் முடிவைக் கேட்டார் என்றா?

3. இறக்கம்

சக்குபள்ளத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கம்பத்தில் வேலை இருக்கிறது, டிரைவர் தெரிந்தவர் என்று குருசாமியின் மகனிடம் சொல்லி ஜீப்பின் பின் சீட்டில் இடம் வாங்கினேன். பக்கத்தில் குருசாமி. கால் வீங்கி, போர்வைக்குள் சுருண்டு இருந்தார். வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் பனி கண்ணாடியை அடைத்துக்கொண்டது. தங்கராஜ் வைப்பரைப் போடவே இல்லை. வெள்ளைத் துணிக்குள் போவதுபோல் ஜீப் போனது. வேகம் கூடியது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

குருசாமி என் பக்கம் சாய்ந்து, "பயப்படாதம்மா," என்றார். "இவன் யாருன்னு எனக்குத் தெரியும். பேச்சியம்மா புருசன். முத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"வேற டிரைவர் வேணாம்னு மகன்கிட்டச் சொன்னதே நான்தான். என்ன பண்ணணும்னு அவன் முடிவு பண்ணட்டும்."

தங்கராஜுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். ஜீப் நின்றது. தங்கராஜ் இறங்கி, விளிம்புக் கல்லைத் தாண்டிப் பனிக்குள் போனார். எனக்கு அவர் தெரியவில்லை. கீழே எங்கேயோ லாரி ஹாரன் கேட்டது. இறங்கிக் கூப்பிடவும் பயம், சும்மா இருக்கவும் பயம்.

குருசாமி தானாகவே ஜன்னல் பக்கம் நகர்ந்து, யாரும் தெரியாத அந்த வெள்ளையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கராஜு. நீ அன்னைக்கு மண்ணு விரிஞ்சிருக்குன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சுப்பா. ஆளுகள வேற லயத்துக்கு மாத்தினா மறுநாள் ஏலக்காய் எடுக்க ஆள் வராது. மொதலாளி என்னைத்தான் கேப்பாரு. அதுக்குப் பயந்துட்டேன். காதுல விழலைன்னு விசாரணையில சொன்னது பொய்."

பிறகு பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் திரும்பவும் சொன்னார். அதே வார்த்தைகள். மூச்சு வாங்கியது.

தங்கராஜ் வந்து ஏறினார். வைப்பரைப் போட்டார். நடந்து போகிற வேகத்தில் கம்பம் வரை ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் குருசாமியைத் தோள்கொடுத்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். "அவரு மகனை வரச் சொல்லிருங்கக்கா. நான் இனிமே ஓட்டல." பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

4. கடைசிப் பக்கங்கள்

நாச்சிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டு முடிவை மாற்ற வேண்டும் என்றேன். படம் எல்லாம் வரைந்தாகிவிட்டது என்று சத்தம் போட்டார். ஜீப்பில் நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க அம்மிணி, அப்ப பனிமுகன் என்னதானுங்க பண்றான்?"

"பக்கத்துல நிக்கிறாண்ணே. ஓடிப்போகாம நிக்கிறான்."

"ஹீரோ சும்மா நின்னா வாங்கறவன் திட்டுவானுங்களே."

திட்டத்தான் செய்தார்கள். புதிய பக்கங்களில், தொங்குகிற மேலாளர் உண்மையைச் சொல்கிறார். தணல்தான் கயிற்றை இழுத்து அவரை மேலே ஏற்றுகிறான். ஏற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

குருசாமி சில மாதங்கள் கழித்து வீட்டிலேயே இறந்தார். தங்கராஜ் காந்தலூரில் ஒரு பூண்டுத் தோட்டத்தில் இருக்கிறார். புத்தகம் படித்துவிட்டு ஒரு நாள் அழைத்தார்.

"அக்கா, எல்லாம் சரி. ஒண்ணு தப்பு. தூக்கி விட்டதும் தணல் அழுவுறான்ல. அழுகை அப்ப வராது. வீட்டுக்குப் போயி ஒருத்தருக்கு மட்டும் அரிசி போடும்போதுதான் வரும்."

மறுபதிப்பில் அந்தப் பேனலை மாற்றினோம். தணல் அழவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு நடக்கிறான், அவ்வளவுதான்.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வில்லனுக்குக் காரணம் எழுதும்போது அந்தக் காரணத்தோடு எங்கேயோ ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்து எழுதுங்கள். அவர் வந்து கதவைத் தட்டினால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத முடிவை எழுதாதீர்கள்.